ஒரு பிள்ளைக்கு 3500 ரூபாய்... ஒரு பள்ளிக்கு?

மக்களே, இது கொஞ்சம் கணக்குப் பதிவு. காமர்ஸ் பையன் வேற எதை எழுதுவான்னு சலிச்சுக்காதீங்க, கடைசி வரைக்கும் வாங்க :-)

அடக்கவிலைக் கணக்கியல்ல முதல் வாரமே ஒண்ணு சொல்லிக் கொடுப்பாங்க. செலவு ரெண்டு வகை. ஒண்ணு நிலையான செலவு, இன்னொண்ணு மாறுபடும் செலவு. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையை எடுத்துக்கங்க. பாலும் சர்க்கரையும் எத்தனை டீ விக்குதோ அதைப் பொறுத்து கூடும், குறையும். ஆனா கடை வாடகை? மழை பெஞ்சு ஒரு ஆளும் வரலைன்னாலும் மாசம் பிறந்தா கொடுத்தே ஆகணும். ஒரே ஒரு டீ வித்தாலும் அதே வாடகைதான், ஆயிரம் டீ வித்தாலும் அதே வாடகைதான்.

"ஒரு டீக்கு இவ்வளவு"ன்னு மட்டும் காசு கொடுத்துட்டு, வாடகையையும் அதுக்குள்ளயே பார்த்துக்கோன்னு யாராவது டீக்கடைக்காரர்கிட்ட சொன்னா? கூட்டம் வர்ற கடை பொழைச்சுக்கும். ஊருக்கு ஒதுக்குப்புறமா பத்து பேர் வர்ற கடை இழுத்து மூட வேண்டியதுதான்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்காக நம்ம நாட்டுல பள்ளிக்கூடங்களுக்குப் பணம் போற விதம் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான் இருக்கு. இதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

முதல்ல எங்க ஊரைப் பத்தி ரெண்டு வரி. ஆலங்காயம், ஜவ்வாது மலை அடிவாரம். 2019 நவம்பர் வரைக்கும் வேலூர் மாவட்டம், அப்புறம் திருப்பத்தூர் மாவட்டம். வாணியம்பாடியில இருந்து வந்தா எங்க ஊரைத் தாண்டித்தான் காவலூர், அப்புறம் ஜமுனாமரத்தூர். காவலூர்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வைணு பாப்பு வானோக்கு நிலையம் இருக்கிற இடம். 1986-ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கதான் இருக்கு. எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தைப் பார்க்க நல்லாவே ஏற்பாடு இருக்கிற மலை. அதே மலையில ரெண்டாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பார்வை மங்கலா இருக்கா, காது கேக்கலையா, இல்ல எழுத்து தலைகீழாத் தெரியுதான்னு கண்டுபிடிக்கத்தான் ஆள் பத்தல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சட்டம் என்ன சொல்லுது?

1995-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 7 வகைக் குறைபாடுதான் இருந்துச்சு. அதுக்குப் பதிலா 2016-ல புதுச் சட்டம் வந்து 21 வகை ஆச்சு. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பெருமூளை வாதம் எல்லாமே இதுல தனித்தனியா உண்டு. அந்தச் சட்டத்தோட 17-வது பிரிவு அரசு என்னென்ன செய்யணும்னு பட்டியல் போடுது. சைகை மொழியும் பிரெயிலும் தெரிஞ்ச ஆசிரியர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கணும். அது மட்டும் இல்ல, பள்ளிக்கல்வியோட எல்லா நிலையிலயும் இந்தப் பிள்ளைகளுக்குத் துணை நிக்கிற வல்லுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கணும்.

"பணியாளர்கள்"ங்கிற வார்த்தையை ஒரு தடவை நிறுத்திப் படிங்க. ஆசிரியர்னு மட்டும் இல்ல. பள்ளிக்கூடத்துல இருக்கிற எல்லாரும்.

இது ஏன் முக்கியம்னு என் சித்தி மூலமாத்தான் எனக்குப் புரிஞ்சது. சித்தி மலை மேல ஒரு பள்ளியில சத்துணவு சமையல் உதவியாளர். ரெண்டு ஆசிரியர் பள்ளி. (60 பிள்ளைகள் வரைக்கும் உள்ள தொடக்கப் பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. மலையில பாதிப் பள்ளி இந்த ரகம்தான்.) அங்க நாலாவது படிக்கிற ஒரு பொண்ணுக்குப் பெருமூளை வாதம், கூடவே வலிப்பும் வரும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல வந்துடுச்சு. ஒரு டீச்சர் லீவு, இன்னொரு டீச்சர் வகுப்பறையில. பக்கத்துல இருந்தது சித்திதான்.

அப்புறம் என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். "இன்னாடா செய்வேன்? கைல சாவிய குட்த்தேன். வாயில கரண்டிய வெச்சேன். எனக்கு சோறாக்கத்தானே சொல்லிக் குட்த்தாங்க!"

நல்லவேளை, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. வட்டார வள மையத்துல இருந்து பள்ளி பள்ளியாப் போற சிறப்பாசிரியர் ஒருத்தர் அடுத்த தடவை அங்க போயிருந்தப்போ, டீ குடிக்கச் சமையல்கட்டுப் பக்கம் வந்திருக்காங்க. பேச்சுவாக்குல விஷயத்தைக் கேட்டுட்டு, பத்தே நிமிஷம் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. வாயில எதையும் வைக்கக் கூடாது, தண்ணி கூட ஊத்தக் கூடாது. பிடிச்சு அமுக்கக் கூடாது. தலைக்குக் கீழ மெத்துனு ஏதாவது வெச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். பக்கத்துல இருக்கிற அடுப்பு, கத்தி, பாத்திரத்தை நகர்த்தணும். கடிகாரத்தைப் பார்க்கணும், 5 நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரி, 108. இரும்பு, சாவி எல்லாம் எதுவும் செய்யாது.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணுக்கு மறுபடியும் வந்துச்சு. இந்தத் தடவை சித்தி சரியாச் செஞ்சாங்க. இப்ப அந்த ஊர்ல யாருக்கு வந்தாலும் சித்தியைத்தான் கூப்பிடுறாங்க.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பத்து நிமிஷம் எந்தத் திட்டத்துலயும் இல்ல, எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. டீ குடிக்க வந்ததால நடந்துச்சு. அந்த டீச்சருக்கு டீ பழக்கம் இல்லைன்னா?

பணம் எப்படி வருது?

மத்திய அரசு 1974-லயே இந்தப் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில சேர்க்கிறதுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. அப்புறம் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தப்போ ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1200 ரூபாய்னு கணக்கு வெச்சாங்க. பிறகு 3000 ஆச்சு. 2018-ல ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டம் வந்ததும் 3500 வரைக்கும்னு ஆக்குனாங்க. 2021-ல அந்தத் திட்டத்தை 2026 மார்ச் வரைக்கும் நீட்டிச்சப்பவும் அதே 3500தான்.

3500-ஐ 220 பள்ளி நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 16 ரூபாய். ஒரு டீயும் ஒரு பிஸ்கட்டும். இதுக்குள்ளதான் உபகரணம், போக்குவரத்து, கூடத் துணைக்கு வர்றவங்களுக்குப் படின்னு பலதும் வரணும். சிறப்பாசிரியர் சம்பளம் தனி.

தொகை கம்மின்னு சொல்றது சுலபம். எல்லாத் தொகையும் கம்மிதான். நான் கேக்கிறது வேற. தலைக்கு இவ்வளவுன்னு கணக்குப் போடுற முறை, பயிற்சிக்குப் பொருந்துமா?

சக்கர நாற்காலிக்குப் பொருந்தும். ஒரு பிள்ளைக்கு ஒண்ணு, பத்துப் பிள்ளைக்குப் பத்து. காது கேக்கும் கருவிக்கும் அப்படித்தான். ஆனா ஒரு பள்ளியில இருக்கிற அஞ்சு பேருக்குப் பயிற்சி கொடுக்கிற செலவு, அங்க ஒரு பிள்ளை இருந்தாலும் அதேதான், பத்துப் பிள்ளை இருந்தாலும் அதேதான். அது டீக்கடை வாடகை.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். (இது என் கணக்கு, அரசாங்கக் கணக்கு இல்ல.) சித்தி பள்ளி மாதிரி ஒரு பள்ளி. ரெண்டு ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு அஞ்சு பேர். பள்ளியிலயே ரெண்டு சனிக்கிழமை பயிற்சி, அப்புறம் வருஷம் முழுக்க நாலு நாள் வந்து பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறது.

லீவு நாள்ல வர்றதுக்கு அஞ்சு பேருக்கும் நாளுக்கு 400 வீதம் ரெண்டு நாளைக்கு 4000.
பயிற்சி கொடுக்கிறவருக்கு மலைக்கு வந்து போக, சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 800 வீதம் ஆறு நாளைக்கு 4800.
படம் போட்ட அட்டைகள், அச்சு 700.
மொத்தம் 9500.

அந்தப் பள்ளியில பத்துப் பிள்ளை இருந்தா தலைக்கு 950. அஞ்சு பிள்ளைன்னா 1900. ஒரே ஒரு பிள்ளைன்னா 9500, அதாவது அந்தப் பிள்ளை பேர்ல வர்ற 3500 மாதிரி கிட்டத்தட்ட மூணு மடங்கு. தலைக்கணக்கை மட்டும் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் இந்தக் கடைசிப் பள்ளி "வீண் செலவு"ன்னுதான் தோணும். மலைப்பள்ளி எல்லாமே இந்தக் கடைசிப் பள்ளிதான்.

இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. அந்த "ஒரு பிள்ளை"ங்கிற எண்ணிக்கை எங்க இருந்து வருது? யாராவது கண்டுபிடிச்சு, முகாமுக்குக் கூட்டிட்டுப் போய், டாக்டர் பார்த்துப் பதிவு பண்ணினாத்தான் பிள்ளை கணக்குல வரும். நடக்க முடியாத பிள்ளையை யார் வேணும்னாலும் கண்டுபிடிச்சுடலாம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை? "மக்கு"ன்னு பேர் வெச்சுக் கடைசி பெஞ்சுல போட்டுடுவாங்க. ஒரு காது மட்டும் கேக்காத பிள்ளையைத் "திமிரு, கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது"ன்னு சொல்லுவாங்க. பயிற்சி இருந்தாத்தான் எண்ணிக்கை வரும். எண்ணிக்கை வந்தாத்தான் பணம் வரும். பணம் வந்தாத்தான் பயிற்சி வரும். செக்குமாடு மாதிரி இதுலயே சுத்திட்டு இருக்கோம்.

யார் யாருக்குப் பயிற்சி?

ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிக்குத் தனியா ஒரு தலைப்பு இருக்கத்தான் செய்யுது. ஆனா அந்த நாட்களுக்குள்ளதான் எண்ணும் எழுத்தும், புதுப் பாடப்புத்தகம், கம்ப்யூட்டர்னு எல்லாமே நுழையணும். 2019-ல மத்திய அரசு "நிஷ்தா"ன்னு ஒரு பெரிய ஆசிரியர் பயிற்சியை ஆரம்பிச்சது. தொடக்கக் கல்வியில 42 லட்சம் பேருக்குன்னு இலக்கு. அதுல உள்ளடக்கிய கல்விக்கும் பாடம் உண்டு, பின்னாடி ஆன்லைன்லயும் வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா வீடியோ பார்த்து நீச்சல் கத்துக்க முடியுமா? அதைவிட முக்கியம், அது ஆசிரியர்களுக்கு மட்டும்தான்.

சித்தி சமூக நலத்துறையில வர்றாங்க, சத்துணவுத் திட்டம் அந்தத் துறைக்குத்தான் போகுது. மலையில பள்ளிக்கல்வித் துறைப் பள்ளி இருக்கு, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை தொடங்கின உண்டு உறைவிடப் பள்ளி இருக்கு, வனத்துறை தொடங்கின பள்ளியும் இருக்கு. எல்லாத் துறைப் பள்ளியையும் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழ கொண்டு வரப் போறதா 2023-24 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. உண்டு உறைவிடப் பள்ளின்னா ராத்திரி பிள்ளை கூட இருக்கிறது டீச்சர் இல்ல. வார்டன், சமையல்காரர், காவலாளி. பட்ஜெட்டுல ஒவ்வொரு துறைக்கும் ஒரு மானியக் கோரிக்கை எண் இருக்கு. வலிப்பு வர்ற பிள்ளைக்கு அந்த எண் எல்லாம் தெரியாது, எந்தத் துறை ஆள் பக்கத்துல இருந்தாலும் அவங்க மடியிலதான் விழும்.

"பேசாம சிறப்பாசிரியரை நிறையப் போட்டாப் போதாதா?"ன்னு என் கிளாஸ்மேட் ஒருத்தன் கேட்டான். போடணும்தான். 2021 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. தொடக்க நிலையில 10 பிள்ளைக்கு ஒருத்தர், அதுக்கு மேல 15 பிள்ளைக்கு ஒருத்தர். 2025 மார்ச்ல மறுபடியும், பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கெடு வெச்சது. ஆனா 2021 தீர்ப்புலயே இன்னொண்ணும் இருக்கு. போதுமான ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போய் வரலாம், மத்த ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் கட்டாயம் பயிற்சி கொடுக்கணும்னு. நம்ம மலையில பத்துப் பிள்ளைங்க பத்து ஊர்ல இருக்காங்க. கணக்குப்படி அவங்களுக்கு ஒரு சிறப்பாசிரியர். அவர் ஒரு பள்ளியில இருக்கிற நாள் மத்த ஒன்பது பள்ளியில இல்ல. அந்த ஒன்பது இடத்துலயும் இருக்கிறது அங்க ஏற்கனவே இருக்கிற ஆட்கள்தான்.

"பயிற்சி கொடுத்தா டீச்சர் மாறுதல் வாங்கிட்டுப் போயிடுவாங்களே, காசு வேஸ்ட்"ங்கிறது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மலைப்பள்ளிக்கு வர்ற ஆசிரியர்ல நிறையப் பேர் கவுன்சிலிங் எப்போன்னுதான் பார்த்துட்டு இருப்பாங்க. அதனாலதான் சொல்றேன், போகாதவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. சித்தி எங்கேயும் போக மாட்டாங்க. ரிட்டயர் ஆனாலும் அதே ஊர்லதான் இருப்பாங்க. முதலீடுன்னு பார்த்தா இதைவிட உறுதியான முதலீடு எது?

டிகிரி இல்லாதவங்களால இதெல்லாம் முடியுமான்னு சந்தேகம் வந்தா, தென்காசி பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கத்தைப் பாருங்க. 1975-ல கடற்படை அதிகாரி தேர்வுல கழுத்துல அடிபட்டுக் கை கால் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல ஆரம்பிச்சது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பின்னாடி இயன்முறை மருத்துவர் மாதிரி வல்லுநர்களைத் துணைக்கு வெச்சு, வீடு வீடாப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வைக்கிறாங்க. அங்க அவரோட சேர்ந்து உழைச்ச எஸ்.சங்கரராமன் தசைச்சிதைவு நோயோட சக்கர நாற்காலியில இருந்தவர், படிச்சது சி.ஏ. நம்ம ஜாதிக்காரர்தான், அதாவது கணக்கு ஜாதி :-)

வெளியூர்ல எப்படி?

இங்கிலாந்துல ஒரு பள்ளிக்கு வர்ற பொது நிதியிலயே இந்தப் பிள்ளைகளுக்குன்னு ஒரு பங்கை அடையாளம் காட்டிடுவாங்க. ஒரு பிள்ளைக்குக் கூடுதலாத் தேவைப்படுறதுல முதல் 6000 பவுண்டு வரைக்கும் பள்ளி தன் கையில இருந்தே செய்யணும். அதுக்கு மேல ஆச்சுன்னா உள்ளாட்சி அமைப்பு கொடுக்கும். அதோட ஒவ்வொரு பள்ளியிலயும் இதுக்குப் பொறுப்பா ஒரு ஆசிரியர் இருந்தே ஆகணும். அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரலை. உள்ளாட்சிகள் இதுல பெரிய கடன்ல மாட்டிட்டு இருக்கு. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. பிள்ளைக்கு முத்திரை குத்துறதுக்கு முன்னாடியே பள்ளியில கொஞ்சம் காசும் ஒரு ஆளும் இருக்கு. வாடகை தனி, பால் தனி.

காசே வராட்டி?

இன்னொரு கசப்பான விஷயம். 2024-25-க்குத் தமிழ்நாட்டோட ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்ட ஒதுக்கீடு 3586 கோடி. அதுல 60 சதவீதம், 2152 கோடி, மத்திய அரசு பங்கு. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலைன்னு அந்தப் பங்கு நின்னுச்சு. 2025 மே மாசம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. யார் பக்கம் நியாயம்னு சண்டை போட இந்தப் பதிவு இல்ல. காமர்ஸ் படிக்கிறவனா எனக்குப் படுறது ஒண்ணுதான். எந்த நிறுவனத்துலயும் பணம் சுருங்கினா சம்பளத்துல கை வைக்க யோசிப்பாங்க, கட்டடத்தை இடிக்க முடியாது, முதல்ல வெட்டுறது பயிற்சியைத்தான். ஏன்னா வெட்டினது வெளிய தெரியாது. சக்கர நாற்காலி வரலைன்னா கண்ணுக்குத் தெரியும். சித்திக்குத் தெரியாமப் போன பத்து நிமிஷப் பாடம் எந்தத் தணிக்கையிலயும் தெரியாது.

அப்ப என்னதான் செய்யணும்ங்கிற?

மூணே விஷயம்.

ஒண்ணு, பயிற்சிப் பணத்தைத் தலைக்கணக்குல இருந்து பிரிச்சுப் பள்ளிக்கணக்கா கொடுங்க. பதிவான பிள்ளை ஒருத்தர் கூட இல்லாத பள்ளிக்கும் சேர்த்து. அங்கதான் கண்டுபிடிக்காத பிள்ளை இருக்கும்.

ரெண்டு, எந்தத் துறைச் சம்பளம் வாங்கினாலும் பள்ளி வளாகத்துல வேலை செய்ற எல்லாரும் ஒரே பயிற்சியில உட்காரட்டும். அன்னைக்கு அவங்க கூலி போகாம பார்த்துக்கங்க.

மூணு, பயிற்சி மலைக்கு வரட்டும். ரெண்டு ஆசிரியர் பள்ளியில ஒருத்தரைக் கீழ கூப்பிட்டா, இன்னொருத்தர் அஞ்சு வகுப்பையும் கட்டி மேய்க்கணும். அந்த நாளோட நஷ்டத்தை யாருமே கணக்குல எழுதுறதில்ல.

இதையெல்லாம் சென்னையிலயும் டெல்லியிலயும்தான் முடிவு பண்ணணும், நாம என்ன செய்ய முடியும்னு கேக்காதீங்க. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறது அந்தக் குழுவோட வேலை. பெரும்பாலும் அதுல சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணித் தொட்டின்னுதான் இருக்கும். அதெல்லாம் வேணும்தான். கூடவே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க: "இந்தப் பள்ளியில பணிபுரியும் அனைவருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கவனிக்கும் பயிற்சி, பள்ளியிலேயே." ஒரு பள்ளி எழுதினா அது காகிதம். ஒரு ஒன்றியத்துல இருக்கிற எல்லாப் பள்ளியும் எழுதினா அது ஒரு தலைப்பு, யாராவது பணம் ஒதுக்கியே ஆகணும்.

உங்க தம்பி தங்கச்சி படிக்கிற பள்ளியில அடுத்த கூட்டம் எப்போன்னு விசாரிங்க. அம்மாவைப் போகச் சொல்லுங்க. அந்த ஒரு வரியைத் துண்டுக் காகிதத்துல எழுதிக் கையில கொடுத்து அனுப்புங்க.

பி.கு: வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு மேல எழுதியிருக்கேன் இல்ல? அதை மட்டுமாவது வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. செலவே கிடையாது.